ஒன்றே ஒன்றுதானா?

2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது கோலார் தங்கவயல். பாலகாட், சாம்பியன் ரீஃப் முதலிய அச்சுரங்கங்களின் ஆழத்திலிருந்து, மேலே கூண்டை இயக்குபவருக்கு மனிதக் குரல் எட்டாது, மணியோசையே மொழியாக இருந்தது. ஒற்றை மணிக்கு ஒரு பொருள், இரட்டை மணிக்கு வேறு பொருள். ஆகவே, நின்றிருக்கும் கூண்டை நகர்த்துமுன், முதல் மணிக்குப் பின்வரும் அமைதியையும் அவர் கேட்டாக வேண்டியிருந்தது. கூண்டில் இருந்தவை உயிர்கள்.

நிரலாக்கத்தில், ஒரு தொடரில் ஒரே உறுப்புதான் உள்ளதா என்று அறிவதும் இவ்வாறே. முழுவதையும் எண்ண வேண்டியதில்லை. முடிவிலாத் தொடராயின் எண்ணி முடிக்கவும் இயலாது. முதல் உறுப்பைக் கேட்டு, அடுத்ததையும் கேட்டால் போதும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையெனில், ஒன்றே. இரண்டாவது கிடைத்தால் தேடலை அங்கேயே நிறுத்தலாம். முதலாவது கிடைத்ததை மட்டும் கண்டு முடிவுகட்டுவது, இரண்டாம் மணிக்குக் காத்திராமல் கூண்டை நகர்த்துவதற்கு ஒப்பாகும்.