என்ன ஜாதி நாய், டீச்சர்?

ஓய்வு பெற்ற பிறகு நான் சேர்ந்த சங்கம் ஒன்றே ஒன்றுதான். சந்தா கிடையாது, தலைவர் கிடையாது, ஆண்டு விழா கிடையாது. கையில் ஒரு கயிறும் கயிற்றின் மறுமுனையில் ஒரு நாயும் இருந்தால் நீங்கள் உறுப்பினர். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே போன பிறகுதான் அதிலும் முன்பெஞ்சு, கடைசி பெஞ்சு, வகுப்புக்கு வெளியே என்று இடங்கள் உண்டு என்பது புரிகிறது. மூன்று வருஷமாகப் பார்த்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 34 வருஷம் வேலை, அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு. பிறந்த வீட்டில் மாடு, ஆடு, கோழி எல்லாம் இருந்தன. நாயும் இருந்தது, ஆனால் அதை யாரும் ‘வளர்த்தோம்’ என்று சொன்னதில்லை. வாசலில் கிடக்கும், மிச்சச் சோறு வைப்போம், ராத்திரி குரைக்கும், அவ்வளவுதான் உறவு. நாய்க்குத் தனித் தட்டு, ஊசி அட்டை, பிறந்தநாள் என்பதெல்லாம் நான் 62 வயதில் கேள்விப்பட்டவை.

மல்லியைக் கொண்டுவந்தது எங்கள் பால்காரத் தம்பி. தாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. “கடுவன் ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க டீச்சர். இது பொட்டை, யாரும் கேக்கல” என்று பால் கேனுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். செவலை நிறம், நாலு காலிலும் வெள்ளை. பெட்டைக் குட்டி என்றால் வேண்டாம் என்கிற பழக்கம் நாயிலும் விடவில்லை பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். இப்போது அவருடைய நாற்காலியில் அவரும் மல்லியும் முறை வைத்து உட்காருகிறார்கள், அது வேறு கதை.

நாலாம் நாளே கூட்டிப் போய் முதல் ஊசி போட்டோம். அங்கே வரிசையில் நின்ற ஒருவர் என் எண்ணை வாங்கி, மதுரையில் நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். இருநூறுக்கு மேல் ஆட்கள். இரண்டு நாள் கழித்து மல்லிக்கு வயிற்றுப்போக்கு. ராத்திரி எட்டரை மணி. குழுவில் கேட்டேன்.

பத்து நிமிஷத்தில் முப்பது பதில். தயிர் சாதம் கொடுங்கள் என்றார் ஒருவர். தயிர் கூடவே கூடாது என்றார் அடுத்தவர். இளநீர், மாதுளந்தோல் கஷாயம், மாத்திரை அட்டையின் போட்டோ, எல்லாம் வந்தன. நடுவில் ஒருவர், “இவ்வளவு சின்னக் குட்டியைத் தாய்கிட்டேருந்து பிரிச்சுட்டு வந்து இப்ப கேக்கறீங்களா? பொறுப்பில்லாதவங்க எதுக்கு நாய் வளர்க்கணும்?” என்று போட்டார். அதற்கு ஏழு பேர் கைதட்டல் படம். தாய் செத்த கதையை யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒருவர் மட்டும் குழுவில் எழுதாமல் போன் செய்தார். ஆட்டோ ஓட்டுகிற தம்பி. “டீச்சர், வாந்தி இருக்கா? கழிச்சல்ல ரத்தம் தெரியுதா? உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கான்னு பாருங்க.” பார்த்தேன். மூன்றுக்கும் ஆமாம். “அப்பன்னா கஷாயம் கிஷாயம் எதுவும் வேணாம். பத்து நிமிஷத்துல வாரேன்” என்று சொல்லி வந்து நின்றார். ராத்திரி திறந்திருக்கிற டாக்டர் யார் என்பதும் அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

பார்வோ. இந்த வைரஸ் உலகத்துக்குத் தெரியவந்ததே 1978 வாக்கில்தான் என்று டாக்டர் சொன்னார். குட்டிகளின் குடலைத் தாக்கும். வைத்தியம் என்பது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றாமல் குளுக்கோஸ் ஏற்றுவதும், வாந்தியை நிறுத்துவதும், வேறு கிருமி சேர்ந்துகொள்ளாமல் காப்பதும்தான். எங்களிடம் வருவதற்கு முன்பே தொற்றியிருக்கும் என்றார், ஏனென்றால் தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். ஒரு ஊசியோடு முடியாது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, போடுகிற ஊசியை அது வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

ஐந்து நாள் டிரிப். ஐந்து நாளும் ஆட்டோத் தம்பிதான் கூட்டிப் போனார். பெட்ரோல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வீட்டுத் தரையைப் பிளீச்சிங் தண்ணீரால் கழுவச் சொன்னதும் அவர்தான். இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும், சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. எட்டாவது வரை படித்த மனிதர். அவருக்கு யார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “ஏழு குட்டி செத்துச்சு டீச்சர், அதுல படிச்சதுதான்” என்றார்.

மல்லி பிழைத்தாள். ஊசிகள் எல்லாம் முடிந்த பிறகு காலையில் மைதானத்துக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். ஆறு மணிக்கு அங்கே ஒரு கூட்டம் கூடும். லாப்ரடார், கோல்டன், கைக்குள் அடங்குகிற ஷிட்ஸு, ஒரு ராஜபாளையம், ஒரு சிப்பிப்பாறை. மதுரை வெயிலில் ஒரு ஹஸ்கிகூட உண்டு. பாவம், பனிப்பிரதேசத்து ஜீவன், ஏழு மணிக்கு மேல் வெளியே நிற்காது, பகலெல்லாம் ஏசி அறை.

முதல் கேள்வி எல்லோரிடமிருந்தும் ஒன்றுதான். “என்ன ஜாதி நாய், டீச்சர்?”

நம் தமிழில் இந்த வார்த்தையை யோசித்திருக்கிறீர்களா? விலை கொடுத்து வாங்கினால் ஜாதி நாய். தெருவில் பிறந்தால் வெறும் நாய். “நம்ம ஊர்தான் சார்” என்றேன். உடனே இரண்டு கயிறுகள் சுருங்கின. “ஊசி போட்டாச்சா?” என்று ஒரு அம்மா கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது, கேட்கத்தான் வேண்டும், அதை நான் தப்புச் சொல்லவே மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் புதிதாக வந்த பீகிளைப் பார்த்து அதே அம்மா அதைக் கேட்கவில்லை. பார்வோவுக்கு ஜாதி தெரியாது.

இன்னொருவர், நல்ல படிப்பாளி, மல்லியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். நாட்டு நாய்க்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து புத்தகங்களில் இருக்கிற பெயர்தான், பரையா. “சார், அது நம்ம மொழியிலிருந்து போன சொல். பறையர்னு ஒரு சமூகத்தோட பேரு. அதை ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம் பண்ணி, அப்புறம் நாய்க்கு வச்சாங்க. என் வகுப்புல பாதிப் பிள்ளைங்க அந்தத் தெருவிலேருந்து வந்தவங்க. நான் அந்தப் பேரைச் சொல்லி என் நாயைக் கூப்பிட மாட்டேன்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஒன்றாம் வகுப்பு டீச்சர் குரல் தெரியும்தானே! மைதானம் ஒரு நிமிஷம் அமைதி. அவர் கோபப்படவில்லை. அடுத்த நாளிலிருந்து ‘நாட்டு நாய்’ என்கிறார்.

ராஜபாளையம் வைத்திருக்கிறவர் அன்றைக்கு என் பக்கம் வந்து நின்றார். அதுவரை பேசாத மனிதர். அவருடைய நாய் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2005-ல் தபால்துறை நம் நாட்டு நாய்களுக்கு நாலு தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் இவற்றோடு ராஜபாளையமும் அதில் உண்டு. அந்தத் தபால்தலையைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாராம். “ஆனா ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர், இவனுக்குக் காது கேக்காது” என்றார். தூய வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்ததில் இந்த நாய்களில் சிலவற்றுக்குப் பிறவிச் செவிடு வந்துவிடுகிறது. அவர் கையசைவிலேயே எல்லாம் பழக்கியிருக்கிறார். உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும், இரண்டு விரல் அசைத்தால் வரும். குழுவில் அவர் இதைச் சொன்னதே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “ஏமாந்துட்டேன்னு சொல்லுவாங்க” என்றார்.

புதியவர்கள் மட்டும்தான் குழுவுக்குப் பயப்படுகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பத்து வருஷம் நாய் வைத்திருக்கிறவரும் வாயைத் திறக்கவில்லை!

பழைய ஆட்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஹட்ச் விளம்பரம் 2003-ல் வந்தபோது பக் நாய்க்கு ஊரே அலைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆசைக்கு வாங்கி, முடி கொட்டுகிறது, சோபாவைக் கடிக்கிறது, டாக்டர் செலவு ஆகிறது என்று பைபாஸில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படி இறக்கிவிட்ட நாய்களை எடுத்து வளர்த்துக் கை சலித்தவர்கள்தான் குழுவில் முதலில் சீறுகிறவர்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கேள்வி கேட்கிறவர் நாயைக் கைவிடுகிறவர் இல்லை. கைவிடுகிறவர் கேள்வியே கேட்க மாட்டார்.

போன வருஷம் ஒரு இளம் தாய் குழுவில் சேர்ந்த இரண்டாம் நாள் எழுதினாள். பிள்ளையின் பிறந்தநாள், நாய் சாக்லேட் கேக்கைத் தின்றுவிட்டது, என்ன செய்ய? “இதுகூடத் தெரியாதா?” “கூகுள் பண்ணிட்டு நாய் வாங்கியிருக்கலாமே?” “பாவம் அந்த நாய்.” பதினொரு பதில். எவ்வளவு தின்றது, நாயின் எடை என்ன, கறுப்புச் சாக்லேட்டா பால் சாக்லேட்டா, தின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். சாக்லேட்டில் இருக்கிற தியோபுரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. கறுப்புச் சாக்லேட்டில் அது அதிகம். சீக்கிரம் கொண்டுபோனால் டாக்டர் வாந்தி எடுக்க வைத்தே காப்பாற்றிவிடலாம். அந்தப் பெண் தன் செய்தியை அழித்துவிட்டாள். நானும் ஆட்டோத் தம்பியும் ஒரே நேரத்தில் அவளுக்குப் போன் போட்டிருக்கிறோம், லைன் கிடைக்கவில்லை! கடைசியில் அவர் முந்திக்கொண்டார். நாய் பிழைத்தது.

அன்றைக்குக் குழுவில் நான் நீளமாக ஒன்று எழுதினேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை ‘அ’வைத் திருப்பிப் போட்டு எழுதும். எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டால் அடுத்த நாள் சிலேட்டைக் கையால் மூடிக்கொண்டு எழுதும். மூடின சிலேட்டை எந்த வாத்தியாராலும் திருத்த முடியாது. ஆகவே அவசரக் கேள்வி வந்தால் முதலில் டாக்டர் எண், அப்புறம் என்ன செய்யலாம் என்பது, திட்டுவது மூன்றாம் நாளைக்கு மேல். இதுதான் நான் கேட்டது. குழு நடத்துகிறவர் அதை மேலே ஒட்டிவைத்தார். நாலு பேர் “டீச்சர் பாடம் எடுக்கறாங்க” என்று கேலி செய்துவிட்டு வெளியேறினார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்று சொன்ன நாட்களில் குழு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பையனை நாய் கடித்துவிட்டது, அது ஊசி போட்ட நாய்தானா என்று யாருக்காவது தெரியுமா எனக் கேட்டாள். நாய் விரோதி என்று சொல்லிக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவு, அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம், இன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள், ஒன்றைக்கூட விடாதே என்று நேரில் போய்ச் சொன்னேன். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இதை நாய் வளர்க்கிறவன் சொல்லாமல் யார் சொல்வது? மகாபாரதம் தொடங்குகிற இடத்திலேயே ஒரு நாய்க்குட்டி அடி வாங்குகிறது. யாகத்தில் எதையும் அது நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை, ஜனமேஜயனின் தம்பிகள் அடிக்கிறார்கள். தாய் சரமை நேரே வந்து என் பிள்ளை என்ன தப்புச் செய்தது என்று கேட்கிறாள். பதில் இல்லை. எங்கள் குழுவிலும் அந்தத் தாய்க்குப் பதில் கிடைக்கவில்லை, பிள்ளை மட்டும் மனிதப் பிள்ளை. நீக்கியவரிடம் பேசிப் பேசி ஒரு வாரம் கழித்து மறுபடி சேர்க்க வைத்தோம். அவள் வரவில்லை. வேண்டாம் டீச்சர் என்றுவிட்டாள்.

நேற்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மா போனிலிருந்து எழுதியிருந்தான். சாக்கடையிலிருந்து எடுத்த இரண்டு குட்டி, புத்தகப் பைக்குள் வைத்த போட்டோ, “பால் குடுக்கலாமா அங்கிள்?” பசும்பால் வயிற்றைக் கெடுக்கும், கண் திறந்திருக்கா, பல் முளைச்சிருக்கா என்று முதல் ஆளாகக் கேட்டவர் யார் தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைப் பொறுப்பில்லாதவள் என்றவர். ஹஸ்கிக்காரர் பழைய கூண்டு ஒன்று தருகிறேன் என்றிருக்கிறார். ஆட்டோத் தம்பி சனிக்கிழமை ஊசிக்குக் கூட்டிப் போகிறார். இரண்டுமே பொட்டையாம். பையனுடைய அம்மா ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள விடுவார் போலிருக்கிறது. மற்றதற்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். மதுரையில் இருக்கிறவர்கள் யாராவது கேட்டால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.