யாருடா இது?

எங்க வீட்டுச் சுவத்துல ஒரே ஒரு போட்டோதான் மாட்டியிருக்கு. எங்க அப்பா படம். ஆனால் அதுல இருக்கிறது எங்க அப்பா இல்லை.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா செத்துப்போனார். கருமாதிக்குப் படம் வைக்கணும்னு சொன்னாங்க. வீட்டில் படமே கிடையாது. படம் எடுக்கிற வசதியோட அவங்க கல்யாணம் நடக்கலை. இருந்தது வாக்காளர் அடையாள அட்டை மட்டும்தான். அதில் அப்பா முகம் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு. கண்ணு ரெண்டும் மட்டும் வெள்ளையாய்த் தெரியும். அதை எடுத்துக்கிட்டு டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். மூணு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. போனால், கோட்டும் டையும் போட்ட ஒரு ஆளை பிரேம் பண்ணிக் கையில் கொடுத்தாங்க. கோதுமை நிறம். வழவழன்னு கன்னம். "ஒரிஜினல்ல ஒண்ணுமே இல்ல தம்பி. நாந்தான் கலர் ஏத்தியிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

அம்மா அந்தப் படத்தை மடியில் வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அழுதுகிட்டு இருந்த அழுகையே நின்னுபோச்சு. "யாருடா இது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. பதினாறாம் நாள் அந்த ஆளுக்குத்தான் மாலை போட்டோம்.

நான் எம்.ஏ. தமிழ் படிச்சவன். இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து மனு எழுதுறதும் துண்டறிக்கை எழுதுறதும் என் வேலை. எழுத்தை மட்டும்தான் நம்பினேன். "மேற்படி காலனி மக்கள் சவத்தை எடுத்துச் செல்லப் பாதை இன்றி..." என்று தொடங்கி எத்தனை மனு எழுதியிருப்பேனோ, கணக்கே இல்லை. ஒரு கூட்டத்தில், "எழுதுனது போதும் தோழர், காட்டுங்க" என்று ஒருத்தர் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற ஒரு அண்ணனிடம் பழைய கேமரா வாங்கினோம். நிக்கான் டி3100. 2010இல் வந்த மாடல். கூடவே 18-55 மி.மீ. லென்ஸ். படிச்சவன்னு சொல்லி என் கையில் கொடுத்தாங்க. கேமராவுக்கும் எம்.ஏ.வுக்கும் என்ன சம்பந்தம்? பட்டனை அமுக்கினா படம் விழும்னுதான் நானும் நினைச்சேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. பக்கத்துக் காலனியில் ஒரு பெரியவர் செத்துட்டார். ஊர்த்தெரு வழியாப் பொணம் போகக் கூடாது. அரசாங்கம் போட்ட தார் ரோடுதான், ஆனா பொணத்துக்குச் சாதி உண்டு. அதனால் வயல்ல இறங்கி, ஓடையைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போகணும். ஓடையில் மாரளவு தண்ணி. பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆறு பேர் இறங்கினாங்க. நான் கேமராவுக்கு ஒரு கேரி பேக்கைச் சுத்திக்கிட்டு, 'ஆட்டோ'வில் வெச்சு, கரையில் நின்னு அறுபது படம் அடிச்சேன்.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தா, வானம் அழகா விழுந்திருக்கு. தண்ணி தகரம் மாதிரி பளபளக்குது. பாடையில் கட்டின சாமந்திப் பூகூடத் தெரியுது. தூக்கிட்டுப் போற ஆறு பேருக்கும் முகம் இல்லை. கரிக்கட்டை மாதிரி ஆறு தலை. பாதிப் படம் கை நடுங்கிக் கலங்கிக் கிடந்தது.

இருந்தாலும் மனுவோட வெச்சுக் கொடுத்தோம். அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யார் இருக்காங்கன்னே தெரியலியே. எந்த ஊர் இது? முட்டி போட்டு நின்னாக்கூடத்தான் தண்ணி இவ்வளவு தெரியும்" என்றார். வெளியே வந்து நாங்க பேசாத பேச்சில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசிச்சுப் பார்த்தேன். அவர் தட்டிக்கழிக்கிறார், அது அவங்க பரம்பரைக் குணம். தட்டிக்கழிக்க இடம் கொடுத்தது என் படம்.

கேமரா வித்த அண்ணன்கிட்டயே போனேன். அவர் நம்ம ஆள்தான். இருபது வருஷமா கல்யாணம் எடுக்கிறார். ஊர்க்காரங்க கல்யாணத்துக்கு எடுக்கப் போனா, பந்தி முழுக்கப் படம் எடுத்துட்டு, சாப்பிடாமலே வந்துடுவார். யாராவது எழுப்பிவிடறதுக்கு முன்னாடி நாமளே உக்காராம இருந்துடலாம்னு சொல்வார். என் படத்தைப் பார்த்துட்டு, "தண்ணி கட்டுன கைதானே உன்னுது? மடை தெரியுமில்ல?" என்று ஆரம்பிச்சார்.

மடையை எவ்வளவு அகலம் தொறக்கிறோமோ அது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் தொறந்து வைக்கிறோமோ அது ஷட்டர். நிலம் எவ்வளவு வேகமாத் தண்ணியைக் குடிக்குதோ அது ஐ.எஸ்.ஓ. மூணும் சேர்ந்துதான் வயல் நிறையணும். ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணைக் குறைக்கணும். அவ்வளவுதான் போட்டோ.

அப்பர்ச்சர் எண் மட்டும் தலைகீழ்க் கணக்கு. 3.5 என்றால் வாய் பெரிசு, 16 என்றால் வாய் சின்னது. பெரிய வாயில் எடுத்தால் ஆள் தெளிவா விழும், பின்னால் இருக்கிறது கலங்கிப்போகும். சின்ன வாயில் எடுத்தால் முன்னே நிற்கிற ஆளும் தெரிவார், பின்னே இருக்கிற கோயில் கோபுரமும் தெரியும். "உனக்கு அழகு வேணாம், சாட்சி வேணும். 8லயோ 11லயோ வை. எந்த ஊருன்னு அவன் கேக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

ஷட்டரை அம்மாகிட்டதான் பழகினேன். வாசலில் உக்காந்து அம்மா முறத்தில் புடைப்பாங்க. 1/30இல் எடுத்தால் அரிசி புகை மாதிரி எழும். 1/500இல் எடுத்தால் ஒவ்வொரு அரிசியும் அந்தரத்தில் நிற்கும். கையில் பிடிச்சு எடுக்கும்போது 1/60க்குக் கீழே போனா என் கை நடுக்கம் படத்தில் வந்துடும். இருட்டில் ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏத்தினா படம் குருணை குருணையா உடையும். "எம்.ஏ. படிச்சது மொறத்தப் படம் புடிக்கத்தானா?"ன்னு அம்மா கேப்பாங்க. ஆனா மறுநாள் நான் கேக்காமலே வெளிச்சம் இருக்கிற பக்கமா நகர்ந்து உக்காருவாங்க.

இதெல்லாம் ஒரு மாசத்தில் வந்துடுச்சு. வராதது முகம்.

"கேமராவுக்கு அறிவு கிடையாது. அதுக்குத் தெரிஞ்ச கலர் ஒண்ணே ஒண்ணு. சாம்பல்" என்றார் அண்ணன். உள்ளே இருக்கிற மீட்டர், படுகிற வெளிச்சத்தில் நூத்துக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பித் தருகிற சாம்பலைத்தான் நடு என்று வெச்சிருக்கு. எதைக் காட்டினாலும் அதைச் சாம்பலுக்கு இழுக்கும். மழை வானமும் தண்ணியும் நிறைஞ்சிருந்ததால் வெளிச்சம் அதிகம்னு நினைச்சுக் குறைச்சிருக்கு. ஆறு பேர் முகமும் கரியானது அப்படித்தான். சரி, முகத்தை மட்டும் அளக்கலாம்னு 'ஸ்பாட்' மீட்டரில் வெச்சு எடுத்தேன். இப்போ அம்மா முகம் வெளுத்துப்போய், சாம்பல் பூசின மாதிரி வந்தது. கறுப்பைக் கறுப்பா இருக்க விடமாட்டேங்குது மெஷின். "அளந்ததுல ஒரு ஸ்டாப் கொறை" என்றார். ஸ்டாப் என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குறது, இல்லாட்டி ரெண்டு மடங்காக்குறது. இன்னொரு வழியும் சொன்னார். அவங்க நிற்கிற வெளிச்சத்திலேயே உன் உள்ளங்கையை நீட்டு. அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டு. மனுசத் தோலில் உள்ளங்கைதான் ஆளுக்கு ஆள் பெரிசா மாறாது.

இதைப் பத்தித் தேடிப் படிக்கப் போனபோதுதான் ஷெர்லி அட்டை பத்தித் தெரிஞ்சது. கலர் பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி படம் கழுவுகிற லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் தோல் சரியா விழுந்தா மெஷின் சரி. கறுப்பு மக்கள் முகம் விழுதா இல்லையான்னு அளக்க ரொம்பக் காலத்துக்கு அட்டை கிடையாது. பிறகு பழுப்பு நிறம் நல்லா விழணும்னு பிலிமைத் திருத்தினதில், எங்க மரத்தோட நிறம் விழலைன்னு மரச்சாமான் கம்பெனிகளும், எங்க சாக்லேட் நிறம் விழலைன்னு சாக்லேட் கம்பெனிகளும் கொடுத்த புகாருக்குப் பங்கு உண்டு. மனுசன் சொல்லிக் கேக்காதது மேசைக்கும் மிட்டாய்க்கும் கேட்டிருக்கு! பிலிம் காலம் போயிடுச்சு. கலர் ஏத்துற புத்தி போகலை. இன்னைக்கு செல்போனே முகத்தை வெளுத்துத் தருது.

தொழில் கைக்கு வந்துடுச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்த நேரத்தில் ஒண்ணு நடந்தது. முதல் மனு கிடப்பில் போனதும் ஒரு துண்டறிக்கை போட்டிருந்தோம். அந்த அறுபது படத்தில் ஒண்ணே ஒண்ணு நல்லா விழுந்திருந்தது. செத்துப்போன பெரியவரோட சம்சாரம் ஓடைக்கரைச் சேத்தில் விழுந்து கதறுகிற படம். அதைத்தான் முகப்பில் போட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் காலனிக்குப் போனேன். ஆயா என்னை உக்காரச் சொல்லலை.

"ஏம்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? மாராப்பு வெலகி சேத்துல கெடக்குறவள ஊரு பூரா குடுத்திருக்கியே! எம் பேத்திகிட்ட, 'இது உங்க ஆயாதானடி'ன்னு பள்ளிக்கூடத்துல காட்டுறாளுவளாம்."

"வழி வேணும்னுதான் ஆயா..." என்று இழுத்தேன்.

"வழி வேணுந்தான். அதுக்கு எம் மாராப்புதான் கெடச்சுதா?"

வீட்டுக்கு வந்து துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது இதுதான்: 'கதறும் தலித் மூதாட்டி'. அவங்க பேரை நான் கேக்கவே இல்லை.

வெள்ளைக்கார அரசாங்கம் 1868இல் இருந்து 1875 வரைக்கும் 'இந்தியாவின் மக்கள்' என்று எட்டுத் தொகுதி போட்டது. சாதி சாதியா, குலம் குலமா ஆட்களை நிறுத்தி எடுத்த படங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பத்தி அவர் ஏழு தொகுதி வெளியிட்டார். இந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பேர் இருக்காது, சாதியின் பேர் இருக்கும். இதைக் கண்டிச்சு நானே மேடையில் பேசியிருக்கேன். நான் எழுதின அந்த மூணு வார்த்தைக்கும் தர்ஸ்டனுக்கும் என்ன வித்தியாசம்? அவர் மூக்கை அளந்தார். நான் கண்ணீரை அளந்தேன்.

அமெரிக்கக் கறுப்பர் கார்டன் பார்க்ஸ் அடகுக்கடையில் கேமரா வாங்கித் தானே கத்துக்கிட்டவர். 1942இல் வாஷிங்டனில், அரசாங்க அலுவலகம் கூட்டிப் பெருக்குகிற எல்லா வாட்சன் என்கிற பெண்ணை, பின்னால் அமெரிக்கக் கொடி தொங்க, ஒரு பக்கம் துடைப்பமும் ஒரு பக்கம் தரை துடைக்கிற மாப்புமாக நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் பெண் அழலை. நிமிர்ந்து நிக்கிறாங்க. அதோடு விடாம, அவங்க வீட்டுக்கும் கோயிலுக்கும் கூடப் போய் எடுத்தார். மும்பை துப்புரவுத் தொழிலாளர்களை எடுத்த சுதாரக் ஓல்வே, 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா பிடிச்ச பழனிக்குமார் இவங்க படங்களையும் உக்காந்து பார்த்தேன். துயரம் இருக்கு. ஆனா அந்த மனுசங்க நம்மைத் திருப்பிப் பார்க்கிறாங்க.

அடுத்த மழைக்கு இன்னொரு சாவு. இந்தத் தடவை வீட்டாரைக் கேட்டுட்டுத்தான் கேமராவை எடுத்தேன். பெண்களை எடுக்கலை. ஒரு பையன் மூங்கில் கழியில் அடிக்கு ஒரு கோடு வெள்ளைப் பெயிண்ட்டில் போட்டு, தண்ணியில் ஊன்றிக்கிட்டு நின்னான். நாலு அடிக்கு மேலே இருந்தது. தூரத்தில் நின்னு, நம்பரோட மின்கம்பமும் பம்புசெட்டுக் கொட்டகையும் விழுகிற மாதிரி முதல் படம். அப்புறம் கிட்டே. அப்பர்ச்சர் 8, ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. 800. தூக்கிட்டுப் போற ஒவ்வொருத்தர் முகமும் விழுந்தது. எதையும் வெட்டலை, திருத்தலை. மெமரி கார்டைத் தேதி போட்டு உறையில் ஒட்டி வெச்சேன். நீதிமன்றத்துக்குப் போனால் டிஜிட்டல் படத்துக்குச் சான்றிதழ் வேணும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் பிரிவு 63. சுடுகாட்டையும் பொதுப்பாதையையும் மத்தவங்க மாதிரிப் பயன்படுத்த விடாமத் தடுக்கிறது குற்றம்னு, 2015இல் திருத்தின வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்லுது. தோழர்கள் இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

படத்தைப் பார்த்த அதிகாரி இந்த முறை ஆழம் எவ்வளவுன்னு கேக்கலை. சர்வேயர் வந்து அளந்தார். படத்தால மட்டும் நடந்ததுன்னு சொல்லமாட்டேன். மறியல் பண்ணிப் பதினாலு பேர் உள்ளே போயிட்டு வந்தாங்க. இப்போ பாதி தூரத்துக்கு மண் அடிச்சிருக்கு. மீதி பட்டா நிலமாம். வழக்கு நடக்குது.

மண் அடிச்ச வாரத்தில் ஆயா சொல்லி அனுப்பினாங்க, கேமராவோட வரச் சொல்லி. போனேன். எண்ணெய் வெச்சுத் தலை சீவி, பெட்டியில் இருந்த அரக்குச் சேலை கட்டியிருந்தாங்க. வாசப்படிக்கு உள்ளே, கூரை நிழலில் உக்காரவெச்சேன். தெரு வெளிச்சம் முகத்தில் பக்குவமா விழுந்தது. பிளாஷ் போடலை. "எங்க பாக்கணும்?"னு கேட்டாங்க. "உங்க இஷ்டம் ஆயா." நேரா என்னைப் பார்த்தாங்க. உள்ளங்கையை நீட்டி அளந்தேன். நாலே படம்.

லேபில் கலர் ஏத்த வேணாம்னு சொன்னேன். "டல்லா வரும் சார்" என்றான் பையன். வந்தா வரட்டும்னு வாங்கிட்டு வந்து கொடுத்தேன். ஆயா கன்னத்து அம்மைத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாங்க. "நாந்தான்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவுருக்கும் இப்பிடி ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம்" என்றாங்க. பின்பக்கம் பேர் எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அந்தப் பேரை இங்கே போட அவங்க சம்மதிக்கலை, அதனால் போடலை.

இப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலனிப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கேமரா, எட்டுப் பிள்ளைங்க. மடையும் சாம்பலும் பிறகுதான். உங்க வீட்டில் யாருக்குப் படம் இல்லையோ அவங்ககிட்டக் கேட்டுட்டு, அவங்களை எடுத்துட்டு வான்னுதான் முதல்ல அனுப்புறேன். கிழவன் கிழவிங்கதான் நிறைய வர்றாங்க. அம்மாவையும் எடுத்துட்டேன். இன்னும் மாட்டலை. மாட்ட இடம் அப்பா படத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. யாரோ ஒருத்தன் பக்கத்துல என்னை மாட்டாதேங்கிறாங்க அம்மா.