யாருடைய கவலை?

ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, என் நிரலில் வரிக் கணக்கு நாலு இடத்தில் கிடந்தது: பில் திரை, அச்சு, நாள் முடிவு அறிக்கை, சரக்கைத் திருப்பி எடுக்கும் பகுதி. மூன்றை மாற்றிவிட்டு நாலாவதை மறந்துபோனேன். புது வரி போட்டு விற்ற சட்டைக்குப் பழைய வரிப்படி பணம் திரும்பிப் போயிற்று. நாலு நாள் கழித்துக் கணக்குப்பிள்ளைதான் பிடித்தார்.

நான் நிரலைப் பிரிக்காமல் இல்லை. வாங்கு, கணக்கிடு, அச்சிடு, சேமி என்று வேலை நடக்கும் வரிசையில் பிரித்திருந்தேன். அதுதான் கோளாறு என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதிவிட்டார். வேலையின் படிகளை மாட்யூல் ஆக்காமல், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வைக்கச் சொன்னார். பரீட்சைக்குப் படித்ததுதான், அடிபட்ட பிறகே உறைத்தது.

எதை எதிலிருந்து பிரிப்பது? ஒவ்வொரு 'கன்சர்'னையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1974-ல் இன்னொரு கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னார். அந்தச் சொல்லை நான் கவலை என்றே எடுத்துக்கொள்கிறேன். தள்ளுபடி முதலாளியின் கவலை. வரி ஆடிட்டரின் கவலை. பில் தாளின் அகலம் கல்லாவில் இருப்பவரின் கவலை. "இதை மாற்று" என்று நாளைக்கு யார் வந்து நிற்பார் என்று கேட்டுக்கொண்டே நிரலை வெட்டுகிறேன்.

ஆனால் வெட்டுவது பாதி வேலைதான். ஆடித் தள்ளுபடியில் 1,100 ரூபாய்ச் சட்டைக்குப் பத்து சதவீதம் கழித்தால் 990. அன்றைய விதிப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. முதலாளியின் கவலை ஆடிட்டரின் கவலைக்குள் கையை விட்டுவிடுகிறது! அதனால் நிரலைத் தொடுமுன் தாளில் இரண்டு கட்டம் போட்டு நடுவே ஓர் அம்புக்குறி வரைவேன். அம்பின் மேல் என்ன போகலாம் என்பதில்தான் அதிக நேரம் செலவாகும். தள்ளுபடி ஏன், எவ்வளவு என்பது வரிக்குத் தெரிய வேண்டாம். விற்ற விலையும் விற்ற தேதியும் போதும்.

2025 செப்டம்பர் 22-ல் வரம்பு 2,500 ஆயிற்று. அதற்கு மேல் 18 சதவீதம். தேதிவாரியாக வரி விகிதம் வைத்திருக்கும் அட்டவணையில் இரண்டு பதிவு சேர்த்தேன், அவ்வளவுதான். பழைய பதிவுகளை அழிக்கவில்லை. 21-ஆம் தேதி விற்ற சட்டை, அளவு சரியில்லை என்று 23-ஆம் தேதி வந்து நிற்கும்.