ஆயாவின் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்

"ஆயா, நீங்க பேசினது மிஷின்ல ஏறல." 2013-ல் ஆவடி பருத்திப்பட்டில் ஒரு மூதாட்டியிடம் நான் சொன்ன வார்த்தை இது. பொய். நன்றாகவே ஏறியிருந்தது. நான்தான் வெட்டினேன். வெட்டியதோடு நிற்காமல் மூலப் பதிவையும் அழித்தேன்.

அப்போது கல்லூரி ஒன்று நடத்திவந்த சமுதாய வானொலியில் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்துவந்தேன். ஊர்க்காரர்களைப் பேசவைக்கும் அரைமணி நேர நிகழ்ச்சி என் பொறுப்பு. நூறு வாட் சக்தி, முப்பது மீட்டருக்கு மிகாத கம்பம், பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கேட்டால் பெரிய விஷயம். ஆனாலும் அந்த வேலையை உயிராக நினைத்தேன். புதிதாக வரும் மாணவர்களுக்கு வகுப்பெடுப்பதும் நான்தான். 1924-லேயே சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பியதில் ஆரம்பிப்பேன். அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 சமுதாய வானொலி தொடங்கியது, 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது என்று வரிசையாகச் சொல்வேன். "அகில இந்திய வானொலியின் கோபுரங்கள் நம்ம ஆவடியிலதான் நிக்குது. ஆனா ஆவடிச் சாக்கடையைப் பத்தி ஆவடிக்காரங்க பேசின பேச்சு எந்த ரேடியோவுல வந்துச்சு?" என்று கேட்பேன். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவனே அடுத்த மாதம் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நடவுப் பாட்டு பதிவு செய்யத்தான் ஆயாவிடம் போனேன். பருத்திப்பட்டு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். ஏரி அன்று பார்க்கவே சகிக்காது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும், அடியில் கறுப்பாகச் சாக்கடை. வீட்டு வாசலில் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆயா பாடினார். பல் இல்லை, ஆனால் தாளம் பிசகவில்லை. வலது கை மட்டும் தரையில் நாற்று ஊன்றுவது போலத் தானாகக் குத்திக் குத்தி எழுந்தது. மூன்று நிமிடம் பாடினார்.

பாட்டு முடிந்ததும் ரெக்கார்டரை அணைக்கப் போனேன். "இரு நைனா, இன்னும் பேசல" என்றார்.

"இந்த ஏரித் தண்ணியில சோறு வடிச்சித் துன்னவ நானு. இப்ப காலு வெச்சா சொறி. பேரன் காலைப் பாரு. அந்தாண்ட நகரு போட்டாங்களே, அங்கருந்து காவாயில எல்லாம் இங்கதான் வருது. ராத்திரி ஒரு மணிக்கு லாரி வருது. வெளக்கை அணைச்சிட்டு வருது. பின்னால குழாயைத் தொறந்து உட்டுட்டுப் போறான்." ஓட்டுக் கேட்டு வந்தபோது காவாயை மூடித் தருவதாகக் கைகூப்பிச் சொன்ன ஒருவரின் பெயரையும் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, "இதையும் போடுவியா?" என்றார். போடுகிறேன் என்றேன்.

அன்றிரவு கணினியில் திறந்தேன். நீல நிறத்தில் அலை அலையாக அவர் குரல். பாட்டு ஒழுங்காக ஏறி இறங்கியது. பேச்சு முட்டி மோதி நின்றது. அந்தப் பகுதியைக் கோடிட்டு எடுத்தேன். நான்கு நிமிடம் இருபது நொடி. ஒரு பொத்தானைத் தட்டினேன். திரையில் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது, தையல்கூடத் தெரியவில்லை.

ஒலிபரப்பான அன்று ஆயா வீட்டில் ஒரு கூட்டமே இருந்ததாம். போனில் ரேடியோ எடுக்க ஹெட்போன் வயரைச் செருக வேண்டுமே, பேரன் அதைச் செருகி ஸ்பீக்கரில் போட்டுவிட்டானாம். பாட்டு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம். பிறகு பேச்சு வரும் என்று நிகழ்ச்சி முடியும்வரை ஆயா காத்திருந்தாராம். இரண்டு நாள் கழித்து வழியில் என்னைப் பார்த்துக் கேட்டார். அப்போதுதான் மிஷின் மேல் பழியைப் போட்டேன். அவர் முகம் வாடவில்லை. "அதுக்கின்னா, இன்னொரு வாட்டி சொல்றேன், எடுத்துக்க" என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போகவில்லை. அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன்.

யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. வானொலியின் பொறுப்பாளர் அந்தப் பதிவைக் கேட்கக்கூட இல்லை. "அரசியல் பேசினால் உரிமம் போகும்" என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விதி இருப்பது உண்மைதான். சமுதாய வானொலியில் அரசியல் சார்ந்த நிகழ்ச்சி கூடாது, சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. குடிநீர், மின்சாரம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பை வாசிக்கலாம். நாளை தண்ணீர் வராது என்று சொல்லத் தடையில்லை. ஏன் வராது என்று ஒருவர் கேட்டால்தான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. இந்த விதி ஊர்ப்பேச்சின் கழுத்தைப் பிடிக்கிறது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி ஊர் மக்களின் பங்கேற்போடு அமைய வேண்டும் என்பதும் அதே கொள்கையில்தான் இருக்கிறது. ஆயா சொன்ன அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்திருந்தால் போதும். சொறி அரசியல் இல்லை. லாரி அரசியல் இல்லை.

உண்மைக் காரணம் வேறு. ஆயா கைநீட்டிக் காட்டிய 'அந்தாண்ட நகர்' நான் குடியிருந்த நகர். அவர் நாற்று நட்டது போன்ற வயலில் மனை போட்டு விற்ற இடம். பதிவுக்கு முந்தைய மாதம்தான் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி, லாரிக்காரருக்குப் பணம் கொடுத்து அள்ளச் சொன்னேன். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. ஆயாவின் குரல் ஒலிபரப்பானால் என் தெருவே கேட்கும், நானும் கேட்க வேண்டும். அதைத் தாங்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

பாட்டை மட்டும் விடவில்லை. அடுத்த மூன்று பொங்கலுக்கும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டேன். நாட்டுப்புறக் கலையைக் காப்பாற்றுகிறவன் என்று என்னைப் பாராட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். பாட்டும் அந்த ஏரியைப் பற்றியது, பேச்சும் அந்த ஏரியைப் பற்றியது. கலை என்று ஒரு கூடையிலும் அரசியல் என்று இன்னொரு கூடையிலும் பிரித்தது என் கை. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்னூர் கிராமத்தில் 2008 முதல் தலித் பெண்களே சங்கம் ரேடியோவை நடத்திவருகிறார்கள். அங்கே பாடுவதும் அவர்கள், பதிவு செய்வதும் அவர்கள், எதை வெட்டுவது என்று முடிவு செய்வதும் அவர்கள். பருத்திப்பட்டில் அந்தப் பொத்தான் ஆயாவின் கையில் இல்லை, என்னைப் போன்ற ஒருவன் கையில் இருந்தது.

அதன் பிறகு 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை ஆவடியில் கவுன்சிலர் என்று யாருமே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று ஊர் தவித்த அந்த ஆண்டுகளில் பேசுவதற்கு இடம் வேண்டியிருந்தது. நான் அதற்குள் வானொலியை விட்டு விலகியிருந்தேன். 2019-ல் ஏரியைச் சீர்படுத்திப் பசுமைப் பூங்கா திறந்தார்கள். நடைபாதை, படகு, பறவைகள் வந்து தங்கத் தீவுகள். நல்ல காரியம், நானும் காலையில் அங்கேதான் நடக்கிறேன். அதைப் பார்க்க ஆயா இல்லை.

போன மாதம் பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டு அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அம்மா பேசினது மிஷின்ல ஏறிச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஏறியது அக்கா. இரவு ஒரு மணி லாரி, அணைத்த விளக்கு, பேரன் கால் சொறி, எங்கள் நகரிலிருந்து வந்த காவாய், ஒன்று விடாமல் ஏறியது. அழித்தது நான்.