பின்னால் வரும் அலைக்காக ஒரு போட்

ஜிந்துப்பிட்டிக்கும் கடலுக்கும் நடக்கிற தூரம்தான். ஆனால் எங்கட மொட்டைமாடிகளில் ஏறி நின்றால் தெரிவது துறைமுகத்துக் கிரேன்கள். செட்டியார் தெருவைத் தாண்டி, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைத் தாண்டிப் போனாலும் கடைசியில் நிற்பது மதில். காலை நனைக்க வேண்டும் என்றால் ஒன்று காலிமுகத்திடலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் முகத்துவாரத்துக்கு. எங்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. இப்படிப்பட்ட நாங்கள் நாலு பேர், கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் படிக்கிறவர்கள், மூன்று மாதமாக வேக்போர்டிங் போட் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறோம். கம்பஸில் ஒப்படைக்க வேண்டிய கட்டுரைகள் அப்படியே கிடக்கின்றன.

காரணம் மாமா. எங்களில் ஒருத்தனுக்குத் தாய்மாமா, அதனால் எங்கள் எல்லோருக்கும் மாமா. முகத்துவாரத்தில் இருபது வருஷம் 18 அடி ஃபைபர் போட்டில் மீனுக்குப் போனவர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். எங்கட வீடுகளில் அது அடுப்புப் பிரச்சினை. மாமாவுக்கு அது தொழில். சின்ன போட்களின் எஞ்சின் பெரும்பாலும் ஓடுவதே மண்ணெண்ணெயில்தான். சில மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு போட்டைக் கரையேற்றினார்.

பிறகு அளுத்கமைக் கூட்டாளி ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பெந்தோட்டை ஆற்றில் டூரிஸ்ட்காரரை இழுக்கிற போட் ஒன்று போடலாம், பாதிப் பாதி. பெந்தோட்டையை உல்லாசத்துறைக்காக அரசாங்கம் திட்டம் போட்டு வளர்த்தது 1960களில். ஜெஃப்ரி பாவா வரைந்த பெந்தோட்டை பீச் ஹோட்டல் வந்தது 1969ல். அன்றிலிருந்து அந்த ஆறு விளையாட்டுத் தண்ணி. "பலகை மேல நிக்கிறதுக்கு மனுசன் காசு குடுக்கிறான் தம்பி, நமக்கென்ன" என்றார் மாமா. போடப் போகிற காசில் அவருடைய சேமிப்பும் இருக்கிறது, செட்டியார் தெருவில் அடகில் இருக்கிற மாமியின் வளையல்களும் இருக்கின்றன. என்ன போட் வாங்குவது என்று சொல்கிற வழிகாட்டிகள் முழுக்க ஆங்கிலத்தில். அப்படித்தான் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

முதல் சிக்கல் 'வேக்' என்ற சொல். போட் ஓடும்போது அதன் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்து போகிற அலை அது. அகராதியைப் புரட்டினோம், சரியாக ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழ் விசேட பாடமாகப் படிக்கிறவள் 'தடவலை' என்று ஒன்று செய்து பார்த்தாள். மாமா கேட்டுவிட்டு, "அது என்ன வலை?" என்றார். கடைசியில் அவரே "போட் வால்" என்றார். இனி இதில் வால் என்றே எழுதுகிறோம்.

வேக்போர்டிங் பழைய விளையாட்டு இல்லை. 1985ல் கலிபோர்னியாவில் டோனி ஃபின் என்பவர் 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையைக் கொண்டுவந்தார், அலைச்சறுக்குப் பலகைக்கும் தண்ணிச்சறுக்குக்கும் நடுவில் ஒன்று. 1990 வாக்கில் ஹேர்ப் ஓ'பிரையனின் 'ஹைப்பர்லைட்' வந்து பலகையைத் தண்ணிக்குள் அமிழ்த்தக்கூடியதாக்கியது. தண்ணிச்சறுக்குக்காரருக்கு மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வேகமும், முடிந்தவரை தட்டையான தண்ணியும் வேண்டும். வேக்போர்டுக்காரருக்கு முப்பது முதல் முப்பத்தெட்டு போதும், ஆனால் வால் பெரிதாக இருக்க வேண்டும். அந்த வாலின் மேட்டில் ஏறித்தான் அவர் காற்றில் எழும்புகிறார். வால் சின்னதென்றால் விளையாட்டே இல்லை.

இதை மாமாவுக்கு விளங்கப்படுத்தியபோதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. மீன்காரர் தேடுகிற போட் லேசாக இருக்கும், தண்ணியை வெட்டிக்கொண்டு போகும், எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும், பின்னால் குழப்பம் வைக்காது. வேக்போர்ட் போட்டில் எல்லாம் தலைகீழ். அகலமாக இருக்க வேண்டும், பாரமாக இருக்க வேண்டும், பின்பக்கம் அமிழ்ந்து போக வேண்டும். போதாததற்கு ரப்பர் பைகளில் பம்ப் வைத்துத் தண்ணி நிரப்பி வேண்டுமென்றே இன்னும் அமிழ்த்துவார்கள். ஒரு டன்னுக்கு மேல் தண்ணி ஏற்றுகிற போட்களும் உண்டு. எங்கட மொட்டைமாடியில் இருக்கிற 500 லீற்றர் தொட்டி இரண்டைத் தூக்கிப் போட்டில் வைத்துக்கொண்டு ஓடுவது மாதிரி.

"போட்ல பாரம் கூடினா அது மீனா இருக்கணும். தண்ணி மேல தண்ணிய ஏத்திக்கிட்டு, அதுக்குப் பெற்றோலும் ஊத்தச் சொல்றீங்களா?"

இருபது வருஷம் போட்டுக்குள் வந்த தண்ணியை வெளியே அள்ளி ஊற்றினவருக்கு அந்தப் படங்களைக் காட்டியது கொஞ்சம் கொடுமைதான்.

இந்த விளையாட்டுக்கென்றே கட்டுகிற போட்களை அவருக்கு ஃபோனில் காட்டினோம். அமெரிக்காவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் 1997ல் சூப்பர் எயர் நோட்டிக் என்று ஒன்று விட்டது. போட்டின் மேலே கோபுரம் மாதிரி ஒரு குழாய்ச் சட்டம், கயிற்றை அதன் உச்சியில் கட்டுவது. கயிறு உயரத்தில் இருந்தால் ஆளைக் கீழே இழுக்காமல் மேலே தூக்கிவிடும். இன்றைக்குப் படங்களில் காண்கிற போட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எஞ்சின் உள்ளே, பின்பக்கத்தில் திருப்பி வைத்திருக்கும். 'வி டிரைவ்' என்பார்கள். அதனால் பாரம் தானாகவே பின்னுக்குப் போகும். புரொப்பெல்லர் போட்டின் அடிக்குக் கீழே மறைந்திருக்கும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அவுட்போர்ட் எஞ்சினில் புரொப்பெல்லர் போட்டுக்குப் பின்னால் வெளியே நிற்கிறது. விழுந்த ஆளை ஏற்றப் போகும்போது அந்த ஆள் இருப்பதும் தண்ணியில், புரொப்பெல்லர் இருப்பதும் தண்ணியில். வேக்சேர்ஃபிங் என்று ஒன்று இருக்கிறது, கயிற்றை விட்டுவிட்டு வாலின் மேலேயே, போட்டுக்குச் சில அடி பின்னால் சறுக்குவது. அதைச் சாதாரண அவுட்போர்ட் போட்டின் பின்னால் செய்யவே கூடாது. டூரிஸ்ட் எவ்வளவு காசு நீட்டினாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம்.

அப்படியென்றால் உள்எஞ்சின் போட்தானே நல்லது? நாங்களும் முதலில் அப்படித்தான் வாதாடினோம். விலையைப் பார்த்தவுடன் பாதி வாதம் அடங்கியது. மீதியை மாமா அடக்கினார். பெந்தோட்டை ஆற்றின் வாய்ப்பக்கம் உப்பு ஏறுகிற தண்ணி. வெளித்தண்ணியை உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கிற உள்எஞ்சினுக்கு உப்பு மெதுவாக வேலை காட்டும். அவுட்போர்ட் என்றால் வேலை முடிந்ததும் தூக்கிச் சாய்த்து, நல்ல தண்ணி விட்டுக் கழுவிவிடலாம், அளுத்கமையிலேயே திருத்த ஆள் இருக்கிறது. இது எந்த வழிகாட்டியின் முதல் பக்கத்திலும் இல்லை. அவை நன்னீர் ஏரிக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்காக எழுதியவை.

இன்னொன்றும் இருக்கிறது. வால் பெரிதானால் விளையாடுகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் அந்த அலை விளையாடுகிறவரோடு நின்றுவிடாது, கரைக்குப் போகும். அங்கே கண்டல் மரங்களின் வேரில் மண் கரையும், கட்டியிருக்கிற தோணி ஆடும், வலை போட்டிருக்கிறவர் ஏசுவார். பாரம் ஏற்றிய போட்கள் கரையில் இருந்து 200 அடியாவது தள்ளி ஓட வேண்டும் என்று அமெரிக்காவில் அந்தத் தொழில்காரரே சொல்கிறார்கள். இரண்டு கரைக்கும் 200 என்றால் ஆறு 400 அடிக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். அளுத்கமைப் பாலத்துப் பக்கம் சமாளிக்கலாம், உள்ளே போகப் போக ஆறு ஒடுங்குகிறது. அந்தத் தோணிக்காரர் யார் என்று மாமாவுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய போட்கள் கிளப்புகிற அலையில் நனைந்து ஏசியே பழகியவர் அவர்.

போட்டே இல்லாமல் இரண்டு கோபுரத்துக்கு நடுவில் கேபிள் கட்டி, கரண்டில் ஆளை இழுக்கிற முறையும் உண்டு. எரிபொருளும் இல்லை, வாலும் இல்லை. சொன்னோம். "அப்ப எனக்கு என்னடா வேலை?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆக, முடிவானது இதுதான். கொஞ்சம் அகலமான பழைய ஃபைபர் போட், நல்ல அவுட்போர்ட். தண்ணிப் பை வாங்குவதில்லை. கூட ஏறுகிற கூட்டாளிமாரே பாரம். எஞ்சினுக்குக் குறைந்த பிட்ச் உள்ள புரொப்பெல்லர். ஓட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் தண்ணிக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளை இழுத்து எழுப்புகிற பலம் கிடைக்கும். பழகுகிறவர்களுக்கு அந்த வால் போதும். பெந்தோட்டைக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் பழகுகிறவர்கள்தான்.

போட் பார்க்கப் போன நாட்களில் நாங்கள் வெறும் பார்வையாளர்கள். நீர்கொழும்புப் பக்கம் மூன்று போட். மாமா அணியத்தில் தொடங்கிப் பின்பக்கம் வரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போவார். டக் டக் என்று கேட்டால் சரி, பொத் என்று கேட்டால் உள்ளே ஒட்டுப்பலகை ஊறியிருக்கிறது. எஞ்சின் தொங்குகிற பின்பலகைதான் முதலில் ஊறும், அதனால் எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். புதுப் பெயின்ற் மினுங்கிய போட்டைத்தான் முதலில் வேண்டாம் என்றார். வாங்கியது மூன்றாவது.

கயிறு கட்டப் பின்பலகை வளையம் சரிவராது. கயிறு எஞ்சினில் உரசும், இழுப்பும் கீழே போகும். கோபுரத்துக்குப் பதில் போட்டின் நடுவில் உயரமான இரும்புக் கம்பம் ஒன்று. உச்சியில் இழுக்கிற இழுப்பு அடியில் பல மடங்காக விழும் என்பதால் தரைக்குக் கீழே தகடு வைத்து போல்ற் போட்டிருக்கிறார். வெல்டிங் செய்தது எங்கட சந்தில் கேற் அடிக்கிற அண்ணா.

காசு பிரித்த விதத்தில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக நின்றோம். ஸ்பீக்கரும் கலர் லைற்றும் கூட்டாளியின் ஆசை, அதை வெட்டிவிட்டு லைஃப் ஜாக்கெட் அளவு வாரியாகவும் ஹெல்மெட்டும் எடுத்தோம். ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிறு, அகலமான பின்பக்கக் கண்ணாடி, ஆள் தண்ணியில் இருக்கும்போது உயர்த்த ஒரு செம்மஞ்சள் கொடி. ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும், ஆகவே பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொருவர் கட்டாயம். ஆளை ஏற்றும்போது எஞ்சின் முழுசாக நிற்க வேண்டும், நியூட்ரலில் விட்டால் போதாது. இந்த வரியை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, லெமினேற் பண்ணி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அடகுச் சீட்டின் வட்டி இதற்கெல்லாம் காத்திருக்காது என்று மாமி இரண்டு தரம் சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான்.

நாங்கள் நாலு பேரும் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறோம். பின்னால் பார்க்கிற ஆள் வேலைக்கு லீவு நாட்களில் எங்களைத்தான் மாமா கேட்டிருக்கிறார். நீந்தத் தெரியாத ஒருத்தரை வைத்துக்கொண்டு தான் போட் எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

தென்மேற்குப் பக்கம் நவம்பரில் சீசன் தொடங்கும். எஞ்சின் இன்னும் வரவில்லை. கயிறு மட்டும் போன கிழமை வந்தது. வேக்போர்ட் கயிறு இழுபடக் கூடாது, இழுபட்டால் ஆள் எழும்புகிற நேரம் தளர்ந்து கையைச் சொடுக்கிவிடும். மாமா அதை வாசற்படியில் வைத்துப் பிரித்து, ஒரு முனையை எங்களிடம் தந்து, தெருவில் பின்னாலேயே நடந்து போய் இழுத்துப் பார்த்தார். கொஞ்சம்கூட இழுபடவில்லை. "இப்படி ஒரு கயிறு வலைக்குக் கிடைச்சிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே சுற்றத் தொடங்கினார்.