எரி நட்சத்திரம்

மிதுன ராசியை ஜாதகக் கட்டத்தில் பார்த்தவர்கள் நம்மில் அநேகர்; ஆகாயத்தில் பார்த்தவர்கள் வெகு சிலரே. வருஷந்தோறும் டிசம்பர் 13, 14 தேதிகளில், கார்த்திகை முடியும் தறுவாயில், அந்த ராசி இருக்கும் திசையிலிருந்து எரி நட்சத்திரங்கள் சொரிகின்றன. ஃபேதான் என்னும் ஒரு பாறையே இதற்குக் காரணம். சுமார் ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள அது, 1.4 வருஷத்துக்கு ஒரு முறை சூரியனை வெகு சமீபமாகச் சுற்றிப் போகிறது. அது உதிர்த்த துகள்களின் பாதையைப் பூமி டிசம்பரில் கடக்கிறது. மணலளவேயான துகள், விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் எரிந்து போகிறது. இவற்றின் தாய் இந்தப் பாறைதான் என்பது 1983-ம் வருஷம் வரையில் எவருக்கும் தெரியாது.

2023-ம் வருஷம் அமாவாசையை ஒட்டி இந்த நாள் வந்தது. நல்ல இருட்டை நாடி, குடும்பத்துடன் ஜவ்வாது மலைக்குப் போனோம். அம்மலையிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு, நம் நாட்டிலேயே செய்து 1986-ல் திறக்கப்பட்ட தூரதரிசினி இருக்கிறது. வானநூல் விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் எந்த மூலையில் ஓடுமென்று சொல்ல முடியாததைக் குழாய் வழியே பிடிப்பது எப்படி? ஒரு ஜமக்காளமும் கம்பளியும், கண் இருட்டுக்குப் பழக அரைமணிப் பொறுமையும் போதும்.

நமது தாயார், நட்சத்திரம் விழுந்தால் வீட்டில் யாருக்கோ ஆகாது என்று நம்புகிறவர். குழந்தைகளைத் தனியே அனுப்ப மனமின்றித்தான் உடன் வந்தார். பத்து மணிக்கு, வடகிழக்கில் புனர்பூசம் உயர்ந்திருந்த பக்கமிருந்து முதல் கோடு ஓடியதும் கண்ணை மூடிக்கொண்டார். பாறையின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி முடித்தோம். அப்போது அவர் மெல்லக் கேட்டார்:

"வருஷா வருஷம் இதே நாளிலா?"

"ஆமாம், அம்மா."

"உங்கள் அப்பா போவதற்கு முதல் நாள் இராத்திரி கொல்லையில் ஒன்று பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோயிலுக்காவது போயிருப்போம்."

அப்பா காலமானதும் ஒரு கார்த்திகைக் கடைசியில்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

"அன்றைக்கு ஊரெல்லாம் விழுந்திருக்கும், அம்மா. எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்" என்றோம்.

தாயார் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார். குழந்தைகள் பன்னிரண்டு மணிக்கே தூங்கிவிட்டார்கள். இடையிடையே மேகம் வந்து மறைத்தது. இரண்டு மணிக்கு எழுந்தபோது, "நூற்றுப் பன்னிரண்டு" என்றார் தாயார். நம் கணக்கில் 104-தான்.