மொட்டை மாடிப் பைத்தியங்கள்

புது ஊருக்குப் போனால் சிலர் கோயிலைத் தேடுவார்கள், சிலர் கடைத்தெருவைத் தேடுவார்கள். நான் வானொலியைத் தேடுவேன். தொழில் புத்தி! அதனால் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் இறங்கிய மறுநாள், நான் முதலில் பார்க்கப் போனது ஒரு மொட்டை மாடியை.

அது கொலிசியோ அரங்கம். 1920 ஆகஸ்ட் 27ஆம் தேதி இரவு, ஓர் இளம் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் இதன் கூரையில் ஒலிபரப்புக் கருவியை வைத்தார்கள். கீழே மேடையில் நடந்த வாக்னரின் ‘பார்சிஃபால்’ இசை நாடகத்தைக் காற்றில் அனுப்பினார்கள். அதைக் கேட்கும் கருவி அன்று ஊரில் மிகச் சிலரிடமே இருந்தது. ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் ‘மொட்டை மாடிப் பைத்தியங்கள்’. இன்று அந்தத் தேதிதான் அர்ஜென்டினாவின் வானொலி நாள். கூரைக்கு ஏற அனுமதி கேட்கும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் வராது. எதிரே இருந்த பூங்காவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்.

அங்கிருந்து நடந்தால் சாந்தா ஃபே சாலையில் எல் அதெனியோ புத்தகக் கடை. 1919இல் திறந்த நாடக அரங்கம் இது. 1920களில் இதன் மேல் தளத்திலிருந்து ஒரு வானொலி நிலையம் இயங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் புத்தகக் கடை. பால்கனி இருக்கைகள் இருந்த இடமெல்லாம் அலமாரிகள். மேடையில் காப்பிக் கடை. நானும் மேடையேறி ஒரு காப்பி குடித்தேன். இடையில் எம்பனாடாவையும் விடவில்லை. நம் கறிபாப்புக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் ரெக்கோலெட்டா கல்லறைத் தோட்டம். தெருக்கள் வைத்துக் கட்டிய ஒரு சின்ன ஊர் போலவே இருக்கிறது. எல்லாரும் தேடி வருவது ஏவா பெரோனின் கல்லறையை. கதவுக் கம்பிகளில் பூக்கள் செருகியிருந்தன. அதிபரின் மனைவியாகும் முன் அவர் வானொலி நாடக நடிகை. 1952இல் 33 வயதில் இறந்தார். அதன்பின் அவர் கணவரின் ஆட்சி கவிழும் வரை, இரவுதோறும் 8.25க்கு, அவர் மறைந்த நேரம் இது என்று வானொலி நினைவூட்டியது. ஒரு குரலுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்தக் கர்வம் மூன்றாம் நாள் வியாழக்கிழமை கரைந்தது.

சுரங்க ரயிலில் மாயோ சதுக்கம் போய் இறங்கினேன். அதிபர் மாளிகை இளஞ்சிவப்பில் நிற்கிறது. 1976 மார்ச் 24 அதிகாலை இராணுவம் இந்த நாட்டைப் பிடித்தது. நாட்டின் வானொலிகளெல்லாம் ஒரே இணைப்பில் வந்தன. ‘அறிக்கை எண் 1’ வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஓர் அறிவிப்பாளர். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. தொழில் தெரிந்த குரல். என்னுடையதைப் போன்ற குரல்.

அதன்பின் ஆட்கள் காணாமல் போனார்கள். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. பிள்ளைகளைத் தேடி 14 பெண்கள் 1977 ஏப்ரல் 30 அன்று இந்தச் சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் போடக்கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று நகர்ந்தார்கள். நடுவிலிருக்கும் நினைவுத் தூணைச் சுற்றி, இரண்டிரண்டு பேராக! பின்னர் அடையாளத்துக்குத் தலையில் கட்டிக்கொண்டது குழந்தைகளின் இடுப்புத் துணி. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, காணாமல் போனவர்களின் பெயர்களை நாளிதழில் காசு கொடுத்து விளம்பரமாகப் போட்டார்கள். அன்றே அவர்களில் முன்னணியில் நின்ற அசுசேனா வில்லாஃப்ளோர் கடத்தப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. அஸ்தி அந்தத் தூணின் அடியில் இருக்கிறது.

மாலை 3.30. வெள்ளைத் துணி கட்டிய மூதாட்டிகள் சிலர், அவர்களைச் சூழ்ந்து இளையவர்கள். நடை தொடங்கியது. ஒருவர் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ‘பிரெசென்தே’ என்றது. வகுப்பில் வருகைப் பதிவின்போது நாம் சொல்வோமே, ‘உள்ளேன் ஐயா’, அதேதான். வர முடியாத பிள்ளைக்காக மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது சுற்றில் நானும் சொன்னேன்.

நிகழ்ச்சிக்கு ஆகும் என்று பதிவுக் கருவியை எடுத்துப் போயிருந்தேன். பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மனசைக் குடைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதிகாலை அந்தத் தாள் என் கையில் வந்திருந்தால்? மாதச் சம்பளம், வீட்டுக் கடன், பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் ஆள். வாசித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உச்சரிப்பு பிசகாமல் வாசித்திருப்பேன்.

நான்காம் நாள் லா போகாவின் வண்ண வீடுகளைப் பார்த்தேன், படம் எடுத்தேன், விமானம் ஏறினேன். திரும்பிய முதல் காலை நிகழ்ச்சியில் வழக்கம்போல ஒரு தாள் வந்தது. சாதாரண அறிவிப்புதான். முன்பெல்லாம் நாக்கு தடுக்கும் சொல் எங்கே என்று மட்டும் ஒரு தடவை பார்ப்பேன். இப்போது இரண்டு தடவை படிக்கிறேன். இரண்டாவது தடவை, இது யாரைப் பற்றியது என்று பார்ப்பதற்கு.